பூசை ரசம்

மீன் பொரிகிற சத்தத்துக்கு நடுவில்தான் சுப்புராயன் அதைச் சொன்னான். சிதம்பரம் மாலைகட்டித் தெருவில், தம்பி வீட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தில்லையம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி புவனகிரிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், சுப்புராயன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியும் கையுமாக நின்றான். ஜன்னல் மேடையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால், பாதி தீர்ந்த பிராந்தி பாட்டில் ஒன்று ஒளிந்தும் ஒளியாமலும் இருந்தது. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் ஒரு கொத்து கறுப்புத் திராட்சை. அவளுக்குப் பழக்கமான படம். இறந்த மகன் ராஜ்கமலின் இரண்டாம் வருஷப் பூசைக்குத் தம்பியை அழைக்க வந்தவள், அழைத்து முடித்துவிட்டு, சும்மா பேச்சுக்காகத்தான் ஆரம்பித்தாள்.

"அளவாக் குடிடா. மூஞ்சியெல்லாம் ஊதிக் கெடக்குது."

"அளவாத்தான் அக்கா. போன வருஷம் பை பையா நீ வாங்கிட்டுப் போனியே, அதக் கேட்டனா நானு?"

"அது குடிக்கவா வாங்கினேன்?"

"எதுக்கோ. கரும்புச் சரக்குதான, ஒடம்ப ஒண்ணும் பண்ணாது."

"கரும்பா? திராட்சடா அது. படமே போட்டிருக்கான் பாரு."

சுப்புராயன் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சிரித்தான். "படத்துக்கு என்னா. பிஸ்கட் பாக்கெட்டுல கொழந்த படம் போட்டிருக்கான், உள்ள கொழந்தையா இருக்குது? நம்மூர்ல பிராந்தி, விஸ்கி, ரம்மு எல்லாம் ஒரே தாய் வவுத்துப் புள்ளைங்க அக்கா. சக்கர ஆலையில மிஞ்சுற பாகுலேருந்து சாராயத்த எடுக்கிறான். அதுல ஒரு கலரு, ஒரு வாசன. இத்தன வருஷமாக் குடிக்கிறேன், இதுகூடத் தெரியாமயா குடிக்கிறேன்?"

உரித்த வெங்காயம் அவள் கையிலேயே இருந்தது. தம்பி இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான்; வஞ்சிரம் விலை, பிள்ளைகளின் ஃபீஸ், அண்ணாமலை நகரில் அவன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு எதிரிலேயே இன்னொருவன் கடை போட்டது. அவள் எழுந்து கையைக் கழுவினாள். சோறு வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். மீன் ஆறிப்போகிறது அக்கா என்று அவன் வாசல் வரை வந்து சொன்னது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தில்லைக் காளியின் பெயரை வைத்து வளர்ந்தவள், சிதம்பரத்தில் படிக்க வந்த அன்பரசுவை விரும்பிக் கட்டிக்கொண்டு, கடலூர் முதுநகரில் ஞானஸ்நானம் வாங்கி தெரேசாவானாள். புகுந்த வீட்டை ஊரில் பீப்பாய் வீடு என்பார்கள். சவரிராயன் அண்டு சன்ஸ். வெள்ளைக்காரச் சாமியார்களின் காலத்தில், பூசைக்கு வேண்டிய திராட்சை ரசம் கப்பலில் வந்து இறங்கும்போதே புளித்துப்போயிருக்குமாம். புதுச்சேரியில் ஒரு சாமியாரிடம் தொழில் கற்றுக்கொண்ட சவரிராயன் இங்கேயே ரசம் செய்யத் தொடங்கினார். கம்பத்திலிருந்து லாரியில் வரும் பன்னீர் திராட்சையைப் பிழிந்து நுரைக்க விடுவார்கள். இனிப்பெல்லாம் போய்விடுவதற்கு முன்னால் திராட்சையிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை ஊற்றி நுரையை நிறுத்துவார்கள். நின்றுவிட்டால் இந்த ஊர் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் அது வருஷக்கணக்கில் கெடாது. நாலு தலைமுறையாகச் சுற்று வட்டாரத்துக் கோயில்களின் பீடத்தில் ஏறுவது அந்த வீட்டு ரசம்தான். அதில் திராட்சையைத் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. ஊற்றுகிற ஸ்பிரிட்டும் திராட்சையினுடையதாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ரசமில்லை. ரசமில்லாவிட்டால் பூசையும் இல்லை, சாமியார் எத்தனை மந்திரம் சொன்னாலும். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பாடம் சொல்லிக்கொடுத்த மதர் இதை அவளிடம் கேட்டுக் கேட்டு ஒப்பிக்க வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்கள் பாதி மறந்துவிட்ட பாடம் அது. அவளுக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. ஆலப்பாக்கம் வரும்போது அவள் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். அங்கேதான் ராஜ்கமலின் பைக் லாரிக்கு அடியில் போனது. கல்லூரிக்குப் போனதிலிருந்து அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தான். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனையோ வருஷம். சாகும் நேரத்து எண்ணெய் பூச ஒரு சாமியாரும் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதனால்தான் மாதாமாதம் அவன் பெயரில் பூசை வைத்தாள். பூசை ஒன்றொன்றும் அவனை மோட்சத்தை நோக்கி ஒரு படி மேலே தூக்கிவிடும் என்று அவள் நம்பினாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அன்பரசுவுக்கு அப்படி ஏறிப்போக ஒரு படியும் இல்லை. அவன் பின்கட்டில் ஸ்பிரிட் கேனைத் திறந்தான். பீப்பாய் வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்த பெருமை. சவரிராயன் வீட்டுப் பிள்ளை சாராயக் கடை வாசலில் நின்றான் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், எல்லாம் போச்சு. அதனால் வீட்டுக்குள்ளேயே, ஒரு டம்ளர் எடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மகன் செத்த அந்த முதல் வருஷம் முழுக்கக் குடித்திருக்கிறான். அவளுக்கு அது தெரிந்தது போன கோடையில். ஸ்பிரிட்டை ஊற்றியாயிற்று என்று அன்பரசு சொன்ன மறுநாள் காலை, பெருக்கப் போனவளுக்குப் பின்கட்டில் அடங்கியிருக்க வேண்டிய சத்தம் கேட்டது. பீப்பாயில் காதை வைத்தாள். உள்ளே பொறுபொறுவென்று நுரைத்துக்கொண்டிருந்தது. கேனில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். தண்ணீர்.

ஸ்பிரிட் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் அரசாங்க அனுமதியோடு. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கெடுபிடி ஜாஸ்தி. இன்னொரு முறை கேட்டால் முதலில் வந்தது எங்கே என்பார்கள். பெரியவரிடம் சொல்லலாம், ஆனால் இடுப்பெலும்பு முறிந்து வாசல் அறையிலேயே கிடக்கிற மாமனாரிடம், உங்கள் மகன் குடித்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? ரசம் இரண்டே நாளில் காடியாகிவிடும். அப்போதுதான் அவளுக்குப் பிராந்தி ஞாபகம் வந்தது. பிராந்தி திராட்சையில் செய்வது. உலகத்துக்கே தெரியும். அந்த வீட்டிலேயே, சவரிராயன் காலத்தில் பிரெஞ்சுக்காரன் பிராந்தியைத்தான் ஊற்றினார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். தெரிந்த முகங்கள் நிறைந்த கடலூரில் வாங்க முடியாது. சிதம்பரம் போய்த் தம்பியை வாங்க வைத்தாள். விஸ்கி வேணாம், ரம் வேணாம், பிராந்தியாவே வாங்கு, திராட்சை படம் போட்டதா பார்த்து வாங்கு என்று சொல்லி வாங்கினாள். பைகளின் மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு திரும்பினாள். பாட்டில் மோதுகிற சத்தம் கேட்டு, என்னம்மா உள்ள என்று கண்டக்டர் கேட்டபோது ஊறுகாய் என்றாள். அன்றைக்கே ஊற்றினாள். வீரியம் குறைவு என்பதால் கூடவே ஊற்றினாள். விடியும்போது பீப்பாய் வாயடைத்துப் போயிருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பீப்பாயை மெழுகு வைத்து அடைப்பதற்கு முன்னால் வீட்டின் மூத்தவர் ஒரு வெள்ளிக் கரண்டி ரசத்தை வாயில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். ஆகும், அல்லது ஆகாது. அதற்கு மேல் பேச்சு இல்லை. ஆகாது என்று சொன்னால் பீப்பாயோடு சாக்கடையில் கவிழ்க்க வேண்டியதுதான். பெரியவர் ராஜாமணியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து பின்கட்டில் வைத்தார்கள். அவர் கண்ணை மூடி நெடுநேரம் ரசத்தை வாயிலேயே வைத்திருந்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தவர் மகனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார். "ஆகும்" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் சமையலைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத மனிதர். அன்று சாயங்காலம் தில்லையம்மாள் காரணம் சொல்லாமல் கேசரி கிண்டினாள். மகன் போன பிறகு அந்த வீட்டில் முதல் இனிப்பு.

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டிவிட்டது. இந்த முறை அவள் கண்ணை மூட மறந்திருந்தாள். வேறொன்று நினைவுக்கு வந்திருந்தது. அந்த வீட்டில் சவரிராயன் வைத்த பழைய பீப்பாய் ஒன்று உண்டு. அது ஒருநாளும் காலியாவதில்லை. பிஷப் வரும்போதும் பெரிய விசேஷங்களுக்கும் அதிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள்; எடுத்ததற்கு ஈடாக ஒவ்வொரு வருஷத்து ரசத்திலும் கொஞ்சம் ஊற்றி நிரப்புவார்கள். அதனால் அதில் எல்லா வருஷமும் இருக்கிறது, சவரிராயன் பிழிந்ததுகூட எங்கேயோ ஒரு சொட்டு. போன வருஷ ரசத்தை ஊற்றப்போன நேரத்தில் பெரியவர் வாசல் அறையிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்: இந்த வருஷம் பழசுல ஊத்த வேணாம், அது நெறஞ்சேதான் இருக்குது. அது நிறைந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரியும். தன் கை பட்டது என்பதால்தான், காளி பெயரோடு பிறந்த கை என்பதால்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். வலித்தது. ஆகும் என்று சொன்னாரே, அது போதும் என்று விழுங்கிக்கொண்டாள்.

இப்போது புரிந்தது. அவர் நாக்குக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. ஊருக்குப் பொய் சொன்ன நாக்கு, பீப்பாயிடம் பொய் சொல்லத் துணியவில்லை. சிப்காட்டின் ரசாயன வாடை ஜன்னல் வழியாக ஏறியது. பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். தில்லையம்மாள் மூடவில்லை. கிறிஸ்துமஸிலிருந்து அந்த ரசம் கோயில்களில் இருக்கிறது. அப்படியானால் கிறிஸ்துமஸிலிருந்து ராஜ்கமல் நின்ற படியிலேயே நிற்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டீ போட்டாள். பெரியவர் வாசல் அறையில் சாய்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள். உப்பனாற்றில் ஒரு படகு மோட்டார் சத்தம் நெருங்கி, தேய்ந்து, போயே போய்விட்டது.

"மாமா, நான் ஊத்தினது கரும்புச் சாராயம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் பொரியை மென்று முடித்தார். "யாரு சொன்னது?"

"எந் தம்பி."

"குடிகாரன்."

"ஆமா மாமா. அவன்தான் சொன்னான்."

அவர் மறுபடியும் பொரிக்குக் கை நீட்டினார். அந்த வீட்டின் மௌனங்களை அவள் அறிவாள். மெழுகு வைத்து அடைத்தது மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அதற்கு மேல் நிற்க மாட்டாள். இன்றைக்கு நின்றாள்.

"ஏன் ஆகும்னு சொன்னீங்க?"

"ஆகாதுன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா ஸ்பிரிட்டு எங்கன்னு கேப்பாங்க." அவர் பார்வை வாசலில் கிடந்த அன்பரசுவின் செருப்பின் மேல் போய் நின்றது. "அதுக்கு என்னா சொல்றது நானு?"

"கிறிஸ்மஸ்லேருந்து ஒரு பூசையும் செல்லல மாமா."

"செல்லுது செல்லலன்னு நீ சொல்லாத. நேத்து வந்தவ நீ." குரலை உயர்த்தவில்லை அவர். எப்போதும் உயர்த்தியதில்லை. "சொல்லணும்னா போய்ச் சொல்லு, தடுக்கல. ஆனா பிஷப் வீட்டுல என்னா எழுதுவாங்கன்னு யோசிச்சுக்க. வெளியேருந்து வந்த பொம்பள, வெவரம் தெரியாம, கடச் சாராயத்தக் கொண்டாந்து ஊத்திட்டான்னுதான் எழுதுவாங்க. எங்கிட்ட கேட்டா நானும் அதத்தான் சொல்லியாவணும். எனக்கு நாக்கு செத்துப் போச்சு, தெரியலன்னு சொல்லிடுவேன். வயசாயிடுச்சில்ல."

சொல்லிவிட்டு இடுப்பைத் தடவி, அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியை அவிழ்த்தார். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. அவள் உதவவில்லை. அவிழ்த்ததும் சாவியை ஸ்டூலின் ஓரத்தில், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ராஜ்கமல் பூசைக்குப் பழைய பீப்பாய்லேருந்து ஒரு குப்பி எடுத்துக்க. மாசாமாசம் எடுத்துக்க. அவனுக்குச் செல்லும்."

"மத்தவுங்களுக்கு?"

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"சக்கர ஜாஸ்தி" என்றார்.

தில்லையம்மாள் சாவியை எடுத்துக்கொண்டாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தாள்.

பழைய பீப்பாயின் பூட்டைத் திறந்து மரக்குழாயைத் திருகியபோது வந்த வாசனை பின்கட்டை நிறைத்தது. காய்ந்த திராட்சை, வெல்லம், பழைய அலமாரியின் உட்புறம், மழைக்கு முந்தின மண் எல்லாம் சேர்ந்த ஒன்று. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கையாலேயே அந்தக் குழாயைத் திருகுவது இதுதான் முதல் தடவை. குப்பி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வாசற்படியில் நிழல் தட்டியது. அன்பரசு. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் ஏலக்காய் மணத்தது.

"அப்பாவே குடுத்தாரா?"

"ம்."

"நான் இப்பல்லாம் தொடுறதில்ல தெரேசு."

"நான் ஒங்களக் கேக்கலியே."

"நீ கேக்காம இருக்கிறதுதான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. நகரவும் இல்லை. குழாயை மூடிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பிராந்தி எதுலேருந்து வருதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அவன் நிலைக் கட்டையில் பெயர்ந்திருந்த சிலாம்பு ஒன்றை நகத்தால் கிள்ளினான். "எனக்குத் தெரியறதுக்குள்ள நீ ஊத்திட்ட. ஊத்தினதுக்கப்புறம் சொல்லி என்னா ஆவப்போவுது. நீ வேற அவ்ளோ சந்தோஷமா இருந்த. கேசரியெல்லாம் செஞ்ச."

சிலாம்பு கையோடு வந்தது. அதைப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், போய்விட்டான். அவள் குப்பியின் வாயைத் துணியால் அடைத்தாள். தெரியாதவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்திருக்கிறாள். குடித்தவனுக்குத் தெரியும், ருசித்தவருக்குத் தெரியும், வாங்கிக் கொடுத்தவனுக்குக்கூடத் தெரியும். காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தவளுக்குத்தான் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வாய் கசந்தது. அழுகை வரவில்லை.

பூசை அன்று காலை கோயில் வளாகத்தில் அவளை முதலில் பிடித்துக்கொண்டவள் தமிழ்ச்செல்வி. காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள். மகள் மருந்தைக் குடித்துச் செத்த பிறகு அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் முதுநகருக்கு வந்து மீன் கம்பெனியில் வேலை செய்கிறாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் இன்னும் வெளுக்கவில்லை. தற்கொலை செய்துகொண்ட மகளுக்குப் பூசை வைக்கலாமா கூடாதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லி அவளைக் கலக்கி வைத்திருந்தார்கள். போன வாரம்தான் ஃபாதர் தமிழ்மணி தாராளமாக வைக்கலாம் என்று சொல்லி வைத்துக்கொடுத்தார்.

"அக்கா, எம் பொண்ணு கனவுல வந்தா" என்றாள் தமிழ்ச்செல்வி, தில்லையம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "பூச வச்ச மறுநாளே. தல சீவி, பூ வச்சிக்கிட்டு, ஒண்ணும் பேசல, சிரிச்சா. அதுக்கப்புறந்தான் அக்கா நான் தூங்குறேன். ஒங்க வீட்டு ரசம் பட்டதுல்ல, போய்ச் சேந்துட்டா."

தில்லையம்மாள் அந்தக் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. ஏதோ தலையை ஆட்டினாள்.

சாமியார் உடுத்துகிற சக்கிரிஸ்தி அறை வாசலில் ஃபாதர் தமிழ்மணி அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். இளவயது, சிரித்த முகம். "தோத்திரம் ஃபாதர்" என்றாள். "ராஜாமணி தாத்தா போன் பண்ணாரும்மா" என்றார் அவர். "காணிக்கைக்குப் பழைய ரசமே வருதாமே. ஒங்க பையன் புண்ணியத்துல எனக்கும் ஒரு வாய் கெடைக்குது." பிறகு நினைவு வந்தவராக, "ஈஸ்டர் வருது. சுத்துப்பட்டுப் பங்குக்கெல்லாம் இந்தத் தடவ இங்கேருந்துதான் அனுப்பணும். போன வருஷத்து ரசம் இன்னும் நாலு பெட்டி வேணும்னு சொல்லியிருந்தேன். ஞாபகப்படுத்துங்க" என்றார்.

"ஃபாதர்" என்றாள் அவள்.

"சொல்லுங்கம்மா."

முதல் மணி அடித்தது. உபதேசியார் வந்து ஃபாதரிடம் யார் யாருக்காகப் பூசை என்று எழுதிய கருத்துச் சீட்டைக் கொடுத்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பீடத்தின் பக்கம் நடந்தார்.

கோயில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முன்வரிசையில், சக்கர நாற்காலியில், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு பெரியவர் இருந்தார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் சுப்புராயன் நெற்றி விபூதியோடு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். ராஜ்கமலின் பெயரை வாசித்தார்கள். அதற்குப் பின்னால் வேறு பெயர்களும் வந்தன; யார் யாரோ பெற்ற பிள்ளைகள், யார் யாருக்கோ புருஷன்மார்கள். இத்தனை மாதமாக இந்தப் பெயர்களை அவள் காதில் வாங்கியதே இல்லை. தன் மகன் பெயர் முடிந்ததும் காது அடைத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒவ்வொன்றும் கேட்டது.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து பவனி கிளம்பியது. அன்பரசு அப்பத் தட்டை ஏந்திக்கொண்டான். கை நடுங்காமலிருக்க முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்திருந்தான். அவள் கையில் கண்ணாடிக் குப்பி. பழைய ரசம் செங்கல் நிறத்தில், நடக்க நடக்க மெல்ல ஆடியது. இதைக் கொடுத்தால் ராஜ்கமலுக்கு ஒரு படி. இன்றைக்கு மட்டும் இல்லை, மாதாமாதம் ஒரு படி. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்பினால், நாளைக்குக் காலையில் இதே பீடத்தில் மற்றது ஏறும். ஈஸ்டருக்கு நாலு பெட்டி போகும். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதில்தான் அந்த வீடு நாலு தலைமுறையாக நிற்கிறது.

நடு வரிசையில் தமிழ்ச்செல்வி ஓரமாக முழங்காலிட்டிருந்தாள். குப்பி அவளைத் தாண்டிப் போகும்போது கறுத்த விரல்களால் நெற்றியில் சிலுவை போட்டு அந்த விரல்களை முத்தமிட்டாள்.

அன்பரசு தட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினான். பெரியவர் கண்களை மூடியிருந்தார். வாயில் எதையோ வைத்துக்கொண்டிருப்பவர் போல் தாடை இறுகியிருந்தது. ஃபாதர் தமிழ்மணி புன்னகையோடு இரண்டு கைகளையும் நீட்டிக் குப்பியின் கழுத்தைப் பிடித்தார். அதன் அடிப்பாகம் தில்லையம்மாளின் உள்ளங்கைகளுக்குள் இருந்தது.

"குடுங்கம்மா" என்றார் மைக்குக்குக் கேட்காத குரலில்.

பாட்டு முடிந்துவிட்டது. பாடகர்கள் இன்னும் கொடுத்து முடியவில்லை என்று பார்த்து, கடைசி அடியை மறுபடியும் எடுத்தார்கள். ஃபாதர் மெல்ல இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கைகளுக்கும் நடுவில், கண்ணாடிக்குள், ரசம் அவர் பக்கம் ஒருமுறை சாய்ந்தது. அவள் பக்கம் ஒருமுறை சாய்ந்தது. பிறகு ஒரு பக்கமும் சாயாமல் நின்றது.